கல்லை முதலில் பாருங்கள், எழுத்தைக் கடைசியில் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரஷ்ய மன்னர் மூன்றாம் அலெக்சாண்டரின் இறுதிச் சடங்கு நினைவுப்பொருள் என்று ஏலத்துக்கு வந்த பச்சைக் கல் பெட்டி பற்றித் தங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தோம். பெட்டி அசல் என்பதற்கு அதில் மூன்று காரணங்கள் கொடுத்திருந்தீர்கள். ஒரே மாலகைட் கல்லில் குடைந்தது. மூடியில் 1 நவம்பர் 1894 என்று தேதி இருக்கிறது. வெள்ளி விளிம்பில் ரஷ்யப் பெண் தலை முத்திரை இருக்கிறது. எங்கள் தொழிலில் இந்த மூன்றுமே ஒரு பொருளைச் சந்தேகப்பட வைக்கும் காரணங்கள். பெட்டியை நாங்கள் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, அதனால் போலி என்று தீர்ப்புச் சொல்லவும் வரவில்லை. ஆனால் இந்தக் குறிப்பை நம்பி யாராவது இணைய ஏலத்தில் கை தூக்கிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறோம்.

முதலில் கல். மாலகைட் என்பது செம்பின் கார்பனேட். கல்லின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் மூன்றரை முதல் நான்கு. காய் நறுக்கும் கத்தியே கீறிவிடும். ஜாஸ்பர், அகேட், நெஃப்ரைட், ரோடோனைட் என்று கல்வேலைக்காரர்கள் சொல்கிற கடினக் கல் வரிசையில் கறாராகப் பார்த்தால் அதற்கு இடமே இல்லை. ரஷ்யர்கள் அதை வைத்துச் செய்த வேலையின் மரியாதைக்காகச் சேர்த்துக்கொள்கிறார்கள். யூரல் மலைப் பகுதியில் குமியோஷெவ்ஸ்கி சுரங்கத்திலும், நிஷ்னி தாகில் ஊரை ஒட்டிய சுரங்கத்திலும் இது கிடைத்தது. கிடைத்த கட்டிகளில் பெரும்பாலானவை பொந்தும் விரிசலுமாக இருக்கும். ஒரு கட்டியைக் குடைந்து பெட்டி செய்தால் பாதி வேலையில் பிளந்துகொள்ளும், விலை உயர்ந்த கல்லில் பெரும்பகுதி தூளாகப் போகும். அதனால் கல்லைச் சில மில்லிமீட்டர் கனமுள்ள தகடுகளாக அறுத்து, ஸ்லேட், பளிங்கு அல்லது உலோகத்தில் செய்த உருவத்தின் மேல் ஒட்டினார்கள். இடுக்குகளை மாலகைட் பொடி கலந்த பசையால் அடைத்து, எல்லாவற்றையும் சேர்த்து மெருகேற்றினார்கள். ரஷ்ய மொசைக் என்று இதற்குப் பெயர். பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையின் மாலகைட் அறையிலும் புனித ஐசக் தேவாலயத்திலும் நிற்கிற பச்சைத் தூண்கள்கூட இப்படிப் போர்த்தியவைதான்.

அந்தக் காலத்து ரஷ்ய மாலகைட் பெட்டி என்றால் முதலில் தேட வேண்டியது ஒட்டுக்கோடு. நல்ல வேலையில் அந்தக் கோடு நேராக ஓடாது. கல்லின் பட்டை எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து, ஒரு தகட்டின் கரும்பச்சை வரி அடுத்த தகட்டின் கரும்பச்சை வரியில் போய்ச் சேரும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் என்ற கைவில்லை வைத்து விளிம்பிலிருந்து தொடர்ந்து போனால், பட்டை திடீரென்று அறுந்து மணல் மணலான பச்சைப் பொடி தெரியும் ஓர் இடம் வரும். அதுதான் அடைப்பு. மூடியைத் திறந்து வாய்ப்பகுதியின் வெட்டுமுகத்தைப் பார்த்தால், மேலே மெல்லிய பச்சை, கீழே சாம்பல் அல்லது கறுப்பு ஸ்லேட் என்று இரண்டு அடுக்காகத் தெரியவும் வாய்ப்புண்டு. சிறு பொருட்களை முழுக் கல்லில் குடைந்ததும் உண்டு, ஆனால் அரிது. ஒட்டே இல்லாமல் கெட்டியாக, கனமாக, பட்டைகள் பளிச்சென்று இருக்கும் பெட்டி பெரும்பாலும் காங்கோ மாலகைட்டில் அண்மைக் காலத்தில் செய்ததாகவே இருக்கும். இன்று சந்தையில் புழங்கும் மாலகைட்டில் மிகுதி அந்த நாட்டுக் கல்தான். ஆக, 'ஒரே கல்' என்பதை விற்பவர் பெருமையாகச் சொன்னால் வாங்குபவர் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

பொடியைப் பிசினில் குழைத்து வார்த்த போலியும் ஏராளம். அதில் பட்டைகள் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி ஒரே அகலத்தில் ஓடும். அசலில் ஒரு பட்டைக்குள்ளேயே பச்சை மெல்ல மாறும், பட்டுப்போல ஒரு மினுக்கம் நகரும். பிசின் கட்டி கைக்குச் சீக்கிரம் சூடேறும். கல் வெகுநேரம் குளிர்ந்தே இருக்கும்.

அடுத்து தேதி. மூன்றாம் அலெக்சாண்டர் கிரீமியாவில் லிவாதியா அரண்மனையில் இறந்தது நம் நாட்காட்டிப்படி 1894 நவம்பர் 1. ஆனால் ரஷ்யாவில் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டி. அதன்படி அது அக்டோபர் 20. 1918-இல்தான் அந்த நாடு புதிய நாட்காட்டிக்கு மாறியது; அந்த ஆண்டு ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. ரஷ்யக் கைவினைஞர் ரஷ்ய எழுத்தில் பொறித்த இறந்த தேதி என்றால் அக்டோபர் 20 என்றுதான் இருக்க வேண்டும். பீட்டர் பால் தேவாலயத்தில் அடக்கம் நடந்த நாள் அவர்கள் கணக்கில் நவம்பர் 7, நம் கணக்கில் நவம்பர் 19.

இதில் ஒரு சிக்கல் உண்டு; அவசரப்பட்டால் நாமும் ஏமாறுவோம். மன்னரின் உடல் கப்பலில் செவாஸ்டோபோல் போய், அங்கிருந்து ரயிலில் மாஸ்கோ வழியாக பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்த நாள் பழைய கணக்கில் நவம்பர் 1. ஊர்வலமாக உடலை அந்தத் தேவாலயம் இருக்கும் கோட்டைக்குக் கொண்டுபோனதும் அன்றுதான். எனவே மூடியில் அந்தத் தேதி இருப்பதை வைத்து மட்டும் பொருளைத் தள்ளிவிட முடியாது. தேதிக்குப் பக்கத்தில் 'இறந்தார்' என்று இருக்கிறதா, 'கொண்டுவரப்பட்டார்' என்று இருக்கிறதா என்பதைப் படிக்க வேண்டும். தங்கள் குறிப்பில் தேதி மட்டும்தான் இருந்தது. இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. மன்னரின் மனைவி, பேரரசி மரியா ஃபியோதரோவ்னா, டென்மார்க் இளவரசியாகப் பிறந்தவர். டென்மார்க்கிலோ இங்கிலாந்திலோ செய்த நினைவுப்பொருளில் புதிய தேதி இருப்பது இயல்பு. அப்படியானால் எழுத்து ரஷ்ய எழுத்தாகவும் முத்திரை ரஷ்ய முத்திரையாகவும் இருப்பது ஏன் என்ற கேள்வி வரும்.

போலி செய்பவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு நாட்காட்டிகளுக்கும் வித்தியாசம் 12 நாள். 1900-க்குப் பிறகுதான் 13. இன்று புழக்கத்தில் உள்ள 13-ஐக் கழித்து, அக்டோபர் 19 என்று பொறித்துவிடுவார்கள். அந்தத் தேதியில் மன்னர் உயிரோடு இருந்தார்.

எழுத்துக்கு வருவோம். 1918-க்கு முந்தைய ரஷ்ய எழுத்துமுறையில், மெய்யொலியில் முடியும் சொல்லின் கடைசியில் 'கடினக் குறி' என்ற ஒலியற்ற எழுத்து வரும். 'இம்பெராத்தர்' என்ற சொல்லுக்கும் 'அலெக்சாந்தர்' என்ற பெயருக்கும் அது கட்டாயம். துக்கப் பொருட்களில் 'வ் போஸே போச்சிவ்ஷி', அதாவது இறைவனில் துயில்கொண்டவர், என்ற தொடர் வரும். அதன் முதல் சொல்லிலும் கடினக் குறி உண்டு. இரண்டாம் சொல் 'யாத்' என்ற பழைய எழுத்தில் முடியும், பார்வைக்கு உச்சியில் சிலுவை வைத்ததுபோல் இருக்கும். பிற்காலத்தில் பொறித்தவர்கள் பழமை காட்டுவதற்காகக் கடினக் குறியை உயிரொலியில் முடியும் சொல்லுக்கும் ஒட்டிவிடுவார்கள், யாத்தை மறந்துவிடுவார்கள். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 'அலெக்சாண்டரின்' என்ற வேற்றுமையில் அந்தப் பெயர் 'அலெக்சாந்த்ரா' என்று உயிரொலியில் முடியும். அங்கே கடினக் குறி இல்லாததுதான் சரி. அரைகுறையாகத் தெரிந்தவர் அதைப் பார்த்து நல்ல பொருளைப் போலி என்று ஒதுக்கிவிடுவார். ஊர்ப் பெயர் பொறித்திருந்தால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்றே இருக்க வேண்டும். பெத்ரோகிராத் என்ற பெயர் 1914-இல் வந்தது.

மூன்றாவதாக, முத்திரை. இதை விற்பவரும் வாங்குபவரும் பெரிய சாட்சியாக நினைக்கிறார்கள். நெற்றியணி கட்டிய பெண்ணின் தலை ரஷ்ய வெள்ளி முத்திரை என்பது உண்மை. அதன் பெயர் கொகோஷ்னிக். ஆனால் அது புழக்கத்துக்கு வந்தது 1899-இல். 1908 வரை தலை இடப்பக்கம் பார்க்கும், அதன் பிறகு வலப்பக்கம் பார்க்கும். 1894-இல் பீட்டர்ஸ்பர்க்கில் சோதித்த வெள்ளியில் நகரச் சின்னம் இருக்க வேண்டும்: குறுக்காகப் போட்ட இரண்டு நங்கூரங்கள், அவற்றின் மேல் ஒரு செங்கோல். மாஸ்கோ என்றால் குதிரை மேல் ஜார்ஜ் புனிதர். பெண் தலை இருந்தால், விளிம்பு ஐந்தாறு ஆண்டாவது பிந்தியது. பழைய கல்லுக்குப் புது விளிம்பு கட்டியிருக்கலாம், அல்லது நினைவுநாள் ஒன்றுக்காகப் பின்னர் செய்திருக்கலாம். இரண்டிலும் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் 'இறுதிச் சடங்கில் கொடுத்தது' என்று சொல்ல முடியாது. அந்த ஒரு வரிக்குத்தான் விலை ஏறுகிறது.

பக்கத்தில் இருக்கும் எண்ணையும் படியுங்கள். ரஷ்யர்கள் 96 பங்கைச் சுத்தம் என்று வைத்தார்கள். 84 என்றால் நம் கணக்கில் ஆயிரத்துக்கு 875. 88 என்றால் 916. தங்கத்துக்கு 56 என்பது 583. எண் 875 என்றே போட்டு, சுத்தியலோடு ஒரு தொழிலாளியின் தலையும் இருந்தால் அது சோவியத் காலத்து வெள்ளி, 1927-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. முத்திரை அடித்ததா, வார்த்ததா என்றும் பார்க்க வேண்டும். அடித்த முத்திரையின் விளிம்பு கூர்மையாக இருக்கும். மெல்லிய தகடானால் பின்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். அசல் ஒன்றை அச்செடுத்து வார்த்த போலியில் எழுத்து ஓரங்கள் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கி, குழிக்குள் ஊசிமுனை அளவு காற்றுக்குமிழ் தெரியும்.

கீல் திருகாணியையும் விடாதீர்கள். கூட்டல் குறி போல் பள்ளம் உள்ள திருகாணி 1930-களில் வந்தது. அடிப்பாகத்தில் புத்தம்புது ஃபெல்ட் துணி ஒட்டியிருந்தால், அதை எடுத்துவிட்டுப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

ரஷ்ய அரச குடும்பத்துக்கு நகை செய்த ஃபாபெர்ஷே பெயரைச் சொல்லாமல் இந்த வியாபாரம் நடப்பதில்லை. அவர் பட்டறையில் கடைந்த கல் உருவங்கள் பலவற்றில் முத்திரையே கிடையாது. உலோகம் இருந்தால்தான் முத்திரை. 'முத்திரை இல்லை, ஆகவே ஃபாபெர்ஷே' என்று அதைத் திருப்பிப் போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். முத்திரை இருந்தால் தலைமைக் கைவினைஞரின் முதலெழுத்தைப் பாருங்கள். 1886 முதல் 1903 வரை மிகையில் பெர்ஹின், ரஷ்ய எழுத்தில் எம், பி. அவருக்குப் பின் ஹென்ரிக் விக்ஸ்ட்ரோம், லத்தீன் எழுத்தில் எச், டபிள்யூ. 1894 என்று பொறித்த பெட்டியில் விக்ஸ்ட்ரோம் முத்திரை இருந்தால் தேதிதான் விளக்கம் சொல்ல வேண்டும்.

தங்கள் குறிப்பில் இல்லாவிட்டாலும் அடிக்கடி காதில் விழும் இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறோம். இளஞ்சிவப்பு ரோடோனைட் பொருட்களை, 'பேரரசியின் கல்லறைக்கு வெட்டிய கல்லின் மிச்சம், இறுதிச் சடங்கில் விருந்தினருக்குக் கொடுத்தது' என்பார்கள். இரண்டாம் அலெக்சாண்டரின் மனைவி மரியா அலெக்சாந்த்ரோவ்னா 1880-இல் இறந்தார். மன்னர் 1881-இல் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். முதலில் இருவருக்கும் மற்ற மன்னர்களைப் போல வெள்ளைப் பளிங்குக் கல்லறைதான். இன்று பீட்டர் பால் தேவாலயத்தில் இருக்கும் ரோடோனைட் பேழையையும், மன்னரின் பச்சை ஜாஸ்பர் பேழையையும் பீட்டர்ஹோஃப் கல்வேலைச் சாலையில் பல ஆண்டுகள் கடைந்து 1906-இல்தான் வைத்தார்கள். 1880 சடங்கில் அந்தக் கல்லின் மிச்சத்தைக் கொடுத்திருக்க வழியே இல்லை. பேரரசிக்கான ரோடோனைட் வந்த எகடரின்பர்க் வட்டாரத்திலேயே, வீட்டுப் பட்டறைக்காரர்கள் அதே கல்லில் தாள் எடை, மைக்கூடு, சிலுவை என்று கடைச்சரக்கும் செய்து குவித்தார்கள். பேழையின் துண்டு எது, கடைச்சரக்கு எது என்று கல்லை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

ரோடோனைட் அசலா என்பதைச் சொல்ல ஒரு டியூப்லைட் போதும். இந்தக் கல்லில் ஓடும் கறுப்பு நரம்பு மாங்கனீசு ஆக்சைடு. சுற்றியுள்ள இளஞ்சிவப்பைவிட மென்மையானது. மெருகேற்றும்போது நரம்பு கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்து மயிரிழை அளவு பள்ளமாகிவிடும். பொருளைச் சாய்த்து, டியூப்லைட்டின் பிம்பம் ஒரு நேர்கோடாக அதன்மேல் விழும்படி பிடித்து மெல்ல நகர்த்துங்கள். நரம்பைக் கடக்கும்போது கோடு நெளியும். சாயமேற்றிய கல்லிலும் பிசினிலும் பெரும்பாலும் நெளியாமல் வழுக்கிப் போகும். நகத்தை ஓட்டினாலும் தட்டும்.

உலோகமும் ஒட்டும் இல்லாத முழுக் கல் பொருளுக்கு எடைச் சோதனை வீட்டிலேயே செய்யலாம். 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். உலர்ந்த கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதைத் தராசில் ஏற்றி எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன சென்டிமீட்டர். முதல் எடையை இதனால் வகுத்தால் கல்லின் அடர்த்தி கிடைக்கும். உதாரணமாக, 412 கிராம் எடையுள்ள பச்சைக் கல் 139.6 காட்டினால் விடை 2.95, நெஃப்ரைட். அதே எடையில் 160-ஐ ஒட்டியோ தாண்டியோ காட்டினால் பாம்புக்கல் எனப்படும் செர்பெண்டைனாகவோ கண்ணாடியாகவோ இருக்கும். ரோடோனைட் மூன்றரையை ஒட்டி வரும், ஜாஸ்பர் 2.6-ஐ ஒட்டி. விடை தவறுவது பெரும்பாலும் காற்றுக்குமிழால். செதுக்கலின் இடுக்கில் ஒட்டிய குமிழ்கள் கன அளவைக் கூட்டிக் காட்டி, நல்ல நெஃப்ரைட்டைக் கண்ணாடியாக்கிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் திரவம் விட்டு, மென்தூரிகையால் தடவி எடுங்கள். முழுக் கிராம் மட்டும் காட்டும் சமையலறைத் தராசில் சிறு பொருளை நிறுக்காதீர்கள். 30 கிராம் கல்லில் ஒரு கிராம் பிசகினால் மூன்று என்பது 2.7 ஆகும், அல்லது 3.3 ஆகும்.

மாலகைட் மொசைக்கை மட்டும் தண்ணீரில் போடவே கூடாது, பசை விட்டுவிடும்.

குடைந்த விதமும் காலம் சொல்லும். அன்றைக்கு உலோகச் சக்கரத்தில் எமரி என்ற அரிக்கும் தூளையும் தண்ணீரையும் ஊற்றித்தான் கடைந்தார்கள். தூள் உருண்டு உருண்டு அரிப்பதால், மெருகு எட்டாத உள்மூலைகள் மூடுபனி படிந்த கண்ணாடி மாதிரி சொரசொரப்பாக இருக்கும். மூலை உருண்டையாகவும் இருக்கும், சக்கரம் அதற்குமேல் நுழையாது. வைரத்தூள் பதித்த இன்றைய சக்கரம் ஒரே திசையில் இணைகோடுகளை விட்டுப்போகும். லேசர் பொறிப்பில் எழுத்தின் அடித்தளம் புள்ளி புள்ளியாக, ஒரே ஆழத்தில் இருக்கும். பெட்டியின் விளிம்புகளெல்லாம் நூறாண்டு கைபட்டு மழுங்கியிருக்க, பெயரும் தேதியும் மட்டும் விரலைக் கீறும் கூர்மையோடு இருந்தால், பெட்டி பழையது, எழுத்து புதியது. எங்கள் தொழிலில் அதிகம் அகப்படுவது இந்த வகைதான்: முழுப் போலி குறைவு, நல்ல பழைய சாதாரணப் பெட்டியில் அரச துக்கத்தை ஏற்றியது நிறைய.

வாங்கிவிட்டவர்களுக்கு ஒன்று. பித்தளை விளக்குக்குப் போடுகிற புளியோ எலுமிச்சையோ இந்தப் பக்கம் வரக்கூடாது. அமிலம் பட்டால் மாலகைட்டின் மெருகு அந்த இடத்திலேயே செத்துப்போகும், பித்தளை மேல் பூசிய பொன்னும் கெடும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பானும் செம்புக் கல்லுக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் பளபளப்புத் தரும். சில மாதத்தில் ஒட்டுக்கோடெல்லாம் அழுக்குப் பிடித்துக் கறுத்துவிடும். உலர்ந்த பருத்தித் துணி போதும். மேலே சூடான ஸ்பாட்லைட் வைத்தால் பழைய பசை இளகும்.

இனி இப்படி ஒரு பொருளைப் பற்றி வெளியிடும்போது, பெட்டியின் எடை, நீள அகல உயரம், அடிப்பாகப் படம், முத்திரையின் நெருக்கப் படம், பொறிப்பின் முழு வாசகம் ஆகிய ஐந்தையும் ஏல நிறுவனத்திடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். அந்த மூடியில் 1 நவம்பர் என்பதற்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது என்று இப்போது கேட்டுச் சொன்னாலும் நன்றி.

இப்படிக்கு,
பழைய கல் பொருட்களைச் சோதித்துப் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள சிலர்,
சென்னை.